கடல்நீர் வந்துவிட்டது, மின்சாரக் கணக்கு எங்கே?

வாசகர் ஒருவர், 2 மார்ச் 2024

நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலையும் போன வாரம் திறந்தாகிவிட்டது. பேரூரில் அதைவிடப் பெரியது வரப்போகிறது. கடல் வற்றப் போவதில்லை. ஆகவே சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் இனிப் பழங்கதை. ஏரி, மழைநீர் சேகரிப்பு என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் எண்களோடு வரவும்.

2 மார்ச், இரவு

எண்களோடுதான் வருகிறேன். வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் என்ற முறையில் பொது மீட்டரின் மின்கட்டணம், தண்ணீர் லாரியின் ரசீது, மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) வரி மூன்றையும் ஒரே நோட்டில் எழுதிவருகிறேன். அந்த நோட்டைப் புரட்டும்போதெல்லாம், தண்ணீர்ச் செலவு என்று நாங்கள் எழுதுவதில் பெரும்பகுதி உண்மையில் மின்சாரச் செலவும் டீசல் செலவும்தான் என்று தோன்றும்.

நல்ல நிலையில் ஓடும் ஆலை ஒன்று 1,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இந்த உரையாடல் இழையில் 3.5 யூனிட் என்று வைத்துக்கொள்கிறேன். 2010-இல் வந்த மீஞ்சூர் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2013-இல் வந்த நெம்மேலி முதல் ஆலையும் 10 கோடி லிட்டர். இப்போது திறந்தது 15 கோடி லிட்டர். மூன்றும் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்கு 12 லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவாகும். பேரூர் ஆலையின் திறன் 40 கோடி லிட்டர் என்பதால் அது ஒன்றுக்கே 14 லட்சம் யூனிட் வேண்டும். ஆக மொத்தம் 26 லட்சம் யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. பெருக்கினால் நாளொன்றுக்கு 1,800 டன்.

கடல் வற்றாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தானாக வந்து வீட்டுத் தரையடித் தொட்டியான சம்ப்பில் இறங்காது.

3 மார்ச்

"தொழில்நுட்பம் வளர வளர அந்த 3.5 குறைந்துகொண்டே போகும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறைந்துதான் வந்திருக்கிறது; ஆனால் அதற்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 27 மடங்கு. அதை மீறித் தள்ளினால்தான், உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வைக் கடந்து நன்னீர் வரும். ஆலைகளில் 55 முதல் 70 மடங்கு அழுத்தம் வரை கொடுக்கிறார்கள். எடுத்த கடல்நீரில் பாதியை நன்னீராக்குவதானால், எவ்வளவு திறமையான இயந்திரத்தை வைத்தாலும் 1,000 லிட்டருக்கு 1 யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது என்பது இயற்பியல் விதித்த எல்லை. வெளியேறும் உவர்நீரின் அழுத்தத்தை மீட்டெடுக்கும் கருவிகள் வந்த பிறகு சவ்வுப் பகுதியின் செலவு மட்டும் 2 யூனிட்டை நெருங்கிவிட்டது. மிச்சமெல்லாம் கடலிலிருந்து உறிஞ்சுவதற்கும், மணலும் பாசியும் நீக்குவதற்கும், ஊருக்குள் தள்ளுவதற்கும் ஆகிறது. இனிமேல் கிடைக்கக்கூடிய சேமிப்பு பைசாக் கணக்கில்தான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: ஓரளவு நல்ல பம்பு இருந்தால், அதே 3.5 யூனிட்டில் அதே 1,000 லிட்டரை 900 மீட்டர் உயரத்துக்கு ஏற்றலாம். அதாவது ஏலகிரி மலையில் முக்கால் பங்குக்கு மேல்.

10 மார்ச்

பழைய தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கேட்டது என்று கேட்டவருக்கு. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்குக் கால்வாய் வெட்டியபோது தண்ணீர் கீழ்ப்பாக்கம் வரை சரிவின் போக்கிலேயே வந்தது. கிருஷ்ணா நீரும் அப்படித்தான். கண்டலேறு அணையிலிருந்து பூண்டி வரை திறந்த கால்வாயில், பம்பு இல்லாமல் இறங்கி வருகிறது. 1996-இல் முதன்முதலாக வந்த அந்தத் தண்ணீருக்கு வழியில் ஆவியாதலும் கசிவும் திருட்டும் உண்டு என்பது வேறு வழக்கு. மின்சார வழக்கு அதன்மீது இல்லை.

வீராணம் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். சோழர் காலத்து ஏரி. 2004-இல் முடிந்த 235 கிலோமீட்டர் குழாய். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். இவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு மின்சாரம் தின்னுமோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஏரியிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து காடாம்புலியூர் மேட்டிலுள்ள தொட்டிக்கும் மட்டுமே ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகு போரூர் வரை சுமார் 200 கிலோமீட்டரையும் தண்ணீர் தன் எடையாலேயே கடந்துவிடுகிறது. தூரத்துக்கும் மின்செலவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. உயரமும் உப்பும்தான் செலவைத் தீர்மானிக்கின்றன.

11 மார்ச்

நேற்றைய குறிப்பில் விட்டுப்போன ஒன்று. வடக்குத்து இருப்பது நெய்வேலியை ஒட்டி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக் குறைத்தால்தான் சுரங்கமே வேலை செய்யும். தண்ணீரை இறைத்து நிலக்கரி எடுத்து, நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் மறுபடி தண்ணீரை இறைக்கிறோம். இதில் நாம் எரித்தது கடைசியில் மழையின் போக்கையும் மாற்றுகிறது என்பதைச் சேர்த்தால் வட்டம் முழுமையாகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாதபோது ஏரி வேகமாக வற்றும். சென்னை ஏரிகள் எல்லாம் சேர்ந்தே 12 டிஎம்சிக்கும் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) குறைவாகத்தான் கொள்ளும் என்பதால், கொட்டித் தீர்த்த மழையில் பெரும்பகுதி கடலுக்குப் போய்விடுகிறது. அதைத்தான் பிறகு உப்போடு சேர்த்து 3.5 யூனிட் விலைக்குத் திரும்ப வாங்குகிறோம்.

28 ஏப்ரல்

கோடை வந்துவிட்டது, லாரி ரசீதும் வந்துவிட்டது. அதனால் ஒரு மறுசிந்தனை.

எங்கள் குடியிருப்புக்கு 12,000 லிட்டர் லாரி திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமக் கிணற்றிலிருந்து வருகிறது. போக வர 60 கிலோமீட்டர். சுமையோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம் என்று ஓட்டுநர் சொல்கிறார். அப்படியானால் 15 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக நடைக்கு 40 கிலோ, 1,000 லிட்டருக்கு 3.3 கிலோ. கடல்நீர் ஆலையின் கணக்கு 3.5 யூனிட்டை 0.7-ஆல் பெருக்கினால் 2.45 கிலோ. கிணற்றிலிருந்து லாரிக்கு ஏற்றும் மோட்டாரின் மின்சாரத்தை நான் சேர்க்கவே இல்லை.

அதாவது, இந்த இழை தொடங்கியதிலிருந்து நெம்மேலியை நோக்கி விரலை நீட்டிக்கொண்டிருக்கும் நான், வீட்டு வாசலில் அதைவிடக் கரி மிகுந்த தண்ணீரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். லாரியை ஒழித்துக் கட்டும் அளவுக்குக் குழாயில் ஆலைத் தண்ணீர் வந்தால் அது சூழலுக்கு லாபமே. கிராமத்துக் கிணறும் தப்பிக்கும். அந்தக் கிணற்றின் சொந்தக்காரருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், அவர் எங்களுக்கு விற்பது பாதித் தண்ணீர், பாதி அரசு மானியம். ஆலைகளை ஆதரிப்பவர்களின் பக்கம் பாதி வந்துவிட்டேன் என்று இந்த இழையைத் தொடங்கிய வாசகர் எடுத்துக்கொள்ளலாம். ஏரியைத் தூர்த்துவிட்டுக் கடலை நம்புவதில்தான் இன்னும் எனக்குச் சண்டை.

29 ஏப்ரல்

ரயில் தண்ணீரையும் கணக்குப் போடச் சொல்கிறார் வில்லிவாக்கத்து நண்பர். தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களோடு 25 லட்சம் லிட்டர் வந்து சேர்ந்தபோது அவர் நேரில் போய்ப் பார்த்தாராம். ரயில் என்பதால் லாரியைவிட எவ்வளவோ சிக்கனம். ஆனால் வந்த அத்தனை தண்ணீரும் நெம்மேலியின் பழைய ஆலை 40 நிமிடத்துக்குள் தருவதுதான். வந்த தண்ணீரைவிட வந்த அமைச்சர்களின் எண்ணிக்கை மனதில் நின்றதாக நண்பர் சொல்கிறார். அந்தக் கணக்கு என் நோட்டில் இல்லை.

19 ஜூன்

"வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் எவ்வளவு மின்சாரம் எடுக்கும்?" மின்சாரம் சொற்பம், கழிவுதான் பிரச்சினை. 1 லிட்டர் குடிநீருக்கு 2 முதல் 3 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிற இயந்திரங்கள்தான் பெரும்பாலும் வீடுகளில் இருக்கின்றன. தென்சென்னையில் பல தெருக்களுக்குக் குழாயில் வருவது ஏற்கெனவே ஆலையின் சவ்வைக் கடந்து வந்த தண்ணீர். அதை மறுபடி வீட்டுச் சவ்வில் தள்ளி, மூன்றில் இரண்டு பங்கைக் கொட்டுகிறோம். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் நட்டுப் பார்த்தேன். 250-க்கு அருகே காட்டியது. இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவு 500. கிருமிக்குக் கொதிக்கவைத்தாலோ புற ஊதா விளக்கு வைத்தாலோ போதும். இதைச் சொன்னதும் வீட்டில் என்னை யாரும் நம்பவில்லை. ருசி பழகிவிட்டது என்கிறார்கள். மெட்ரோ தண்ணீர் வராமல் போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் புறநகர்க்காரர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது; அங்கே ஆர்.ஓ. தேவைதான்.

அதே நாள், சற்றுப் பிறகு

ஆர்.ஓ.வை எழுதியபோது இதுவும் கணக்கில் வந்தது. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 28 பாகையிலிருந்து குளிக்கும் 42 பாகைக்குச் சூடாக்க 0.33 யூனிட். அந்த மின்சாரத்தில் 90 லிட்டருக்கு மேல் கடல்நீரைக் குடிநீராக்கலாம். வீட்டுக்குள் தண்ணீருக்காகச் செலவாகும் மின்சாரத்தில் கீசருக்குப் பக்கத்தில் வேறு எதுவும் நிற்க முடியாது. சென்னை வெயிலிலும் ஆண்டு முழுவதும் வெந்நீரில் குளிக்கும் ஒருவரை எனக்கு மிக நெருக்கமாகத் தெரியும். குடும்ப அமைதியை முன்னிட்டு உறவுமுறையைச் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட்

மழைநீர் சேகரிப்பைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. பெருமைப்படலாம், ஆனால் ஆற்றல் கணக்கில் அதற்கு என்ன மதிப்பெண் என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழுகிறது. ஒரு லட்சம் லிட்டர் பிடிபட்டு, அது முழுவதும் கடல்நீர் ஆலையின் தண்ணீருக்குப் பதிலாக அமைந்தால் மிச்சமாவது 350 யூனிட். அதே கூரையில் ஒரு மூலையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் ஆண்டுக்கு 1,400 யூனிட் வரும். இரண்டையும் செய்யலாம், தடையில்லை. ஆனால் "மழைநீர் சேகரிப்பால் புவி வெப்பமடைவதைத் தடுக்கலாம்" என்று பள்ளிச் சுவர்களில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தால் மோட்டாருக்கு வேலை குறையும் என்பார்கள். 10 மீட்டர் உயர்ந்தால் 1,000 லிட்டருக்கு மிச்சமாவது 0.07 யூனிட். பிறகு எதற்காக மழைநீர்? மட்டம் உயர்ந்து நின்றால் லாரியைக் கூப்பிட வேண்டாம், அதற்காக. கடலோரத்தில் உப்பு உள்ளே ஏறாது, அதற்காக. இன்னொரு காரணம் அடுத்த பத்தியில்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர். மின்கசிவுக்கு அஞ்சி மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது சரியான முடிவுதான். எங்கள் மோட்டார் அறை தரைமட்டத்தில் இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியோடு மூழ்கியது. சம்ப்பின் மூடியைத் தாண்டி வெள்ளம் உள்ளே போனது. மேல்தொட்டி மறுநாள் காலையில் வற்றியது. நாலாபுறமும் தண்ணீர் நிற்க, கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் நான்கு மாடிக் குடும்பங்களும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனையில், யாரோ கொடிக்கயிறு கட்டியிருந்த பழைய அடிபம்பு ஒன்றுதான் அந்த வட்டாரத்தில் வேலை செய்த ஒரே நீரேற்று நிலையம். கைப்பிடியை ஒருவர் அடிக்க, இன்னொருவர் பம்பின் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட, முதலில் துருவோடு காவி நிறத்தில் வந்து பிறகு தெளிந்தது. சாக்கடை கலந்திருக்கும் என்பதால் குடிக்கவில்லை; மற்ற எல்லாவற்றுக்கும் அதுவே. எங்கள் மாடிப் பாட்டி, "இதைப் பிடுங்கிப் போடச் சொல்லி மனுக் கொடுத்தது நீங்கள்தானே" என்று சங்கச் செயலாளரை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

15 லிட்டர் குடத்தை நான்காம் மாடிக்கு ஏற்றத் தேவைப்படும் ஆற்றல் ஒரு யூனிட்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. என் முழங்கால் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

5 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பிலிருந்து எடுக்க வேண்டியது இதுதான்: தண்ணீர் முழுவதும் மின்சாரத்தை நம்பியிருந்தால், மின்சாரம் போகும் நாளில் தண்ணீரும் போகும். புயல் நாளில் கடல்நீர் ஆலையும் ஓடாது, சூரியத் தகடும் ஓடாது. கைக்கெட்டும் ஆழத்தில் நிலத்தடி நீர் இருப்பது ஆற்றல் சிக்கனத்தைவிடக் காப்பீடாகத்தான் பெரிது.

6 ஆகஸ்ட்

கழிவுநீரை மறந்துவிட்டோம். எல்லோரும் மறப்பதுதான். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. என்னும் எதிர்ச் சவ்வூடு முறைவரை கொண்டுபோய்ச் சுத்திகரித்து, மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். மணலித் தொழிற்சாலைகள் சில 1990-களிலேயே கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியவை. கடல்நீரில் இருக்கும் உப்பில் முப்பதில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் கழிவுநீரில் கிடையாது. ஆகவே சவ்வுக்குக் கொடுக்க வேண்டிய அழுத்தமும் மின்சாரமும் கடல்நீருக்கு ஆவதில் சிறு பகுதிதான். பொது அறிவுப்படி இதற்குப் பிறகுதான் கடலுக்குப் போயிருக்க வேண்டும். வரிசை தலைகீழாக நடந்ததற்கு முதற்காரணம் அருவருப்பு. இரண்டாவது, திறப்பு விழாவுக்குக் கடற்கரை அழகாக இருக்கிறது.

கழிவுநீரில் படியும் கசடை நுண்ணுயிர்களால் செரிக்கவைத்து, வரும் மீத்தேன் வாயுவில் எஞ்சின் ஓட்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியை அங்கேயே எடுக்கிறார்கள்; கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு நான்கிலும் இந்த ஏற்பாடு உண்டு. இதில் மின்சாரத்தைவிட முக்கியம் மீத்தேன் எரிந்து போவது. எரியாமல் காற்றில் கலந்தால் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். பாதாளச் சாக்கடை வராத புறநகரின் செப்டிக் டேங்குகள் எல்லாம் மூடியைத் திறந்து வைத்த வாயு அடுப்புகள். இந்தக் கணக்கை எந்தச் சங்கப் பொருளாளரும் எழுதுவதில்லை, நான் உட்பட.

16 அக்டோபர்

வெள்ளத்துக்கு அஞ்சி நிறுத்திய கார்கள் இரண்டு நாட்களாக வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான்காவது கார் எங்கள் செயலாளருடையது. இம்முறை மோட்டார் தப்பியது; மிக்ஜாமுக்குப் பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியை நான்கடி உயரத்தில் சுவரில் மாட்டிவிட்டோம். அடிபம்புக்கும் புதிய வாஷர் போட்டோம், பாட்டியின் மேற்பார்வையில்.

தொடக்க வாசகர் மீண்டும் வந்து, பேரூர் ஆலையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டிவிட்டால் என் வாதம் முடிந்துவிடும் என்கிறார். 14 லட்சம் யூனிட்டை நாள்தோறும் சூரியனிடமிருந்து எடுக்க ஏறத்தாழ 300 மெகாவாட் தகடுகள் வேண்டும். கமுதியில் 2,500 ஏக்கரில் நிற்கும் 648 மெகாவாட் நிலையத்தில் கிட்டத்தட்டப் பாதி. முடியாத காரியம் இல்லை, செய்யத்தான் வேண்டும். ஆனால் சவ்வு வைத்த கடல்நீர் ஆலைகள் 24 மணி நேரமும் ஒரே சீராக ஓடுவதற்காகக் கட்டப்படுகின்றன. அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் சவ்வு கெடும். இரவுக்கு அனல்மின்சாரம்தான் என்றால் பகல் வெயிலைக் காட்டி முழு ஆலைக்கும் பச்சைச் சாயம் பூச முடியாது.

வீட்டு மோட்டாருக்கு இந்தத் தடை கிடையாது. காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும், அதாவது ஊரே மின்சாரம் கேட்கும் நேரத்தில், எல்லாக் குடியிருப்புகளிலும் மோட்டார் போடுகிறார்கள். சம்ப் நிறையத் தண்ணீர் இருக்கும்போது நண்பகல் 12 மணிக்குப் போட்டால் சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் மேல்தொட்டி நிரம்பிவிடும். யூனிட் ஒன்றுகூடக் குறையாது. எந்த மின்சாரம் என்பதுதான் மாறும். ஒரு டைமர் போதும். சங்கக் கூட்டத்தில் வைக்கிறேன்.

15 டிசம்பர்

டைமருக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்றாம் மாடியில் ஒருவர் மட்டும், நண்பகலில் ஏற்றினால் மேல்தொட்டித் தண்ணீர் வெயிலில் சுட்டுவிடும் என்று எதிர்த்தார். கீசர் செலவு மிச்சம்தானே என்று பாட்டி கேட்டதும் அவர் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் வைத்த நிபந்தனை: மெட்ரோ தண்ணீர் அழுத்தம் குறைந்து சம்ப் பாதிக்குக் கீழே போகும் நாட்களில் காவலாளி பழையபடி கையால் போட்டுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டோம். லாரிக்கு இந்தப் பருவமழை தொடங்கியதிலிருந்து ஃபோன் செய்யவில்லை. பொங்கலுக்குப் பிறகு ரசீது எப்போது தொடங்குகிறது என்பதை இதே இழையில் எழுதுகிறேன்.